ஏழாம் தட்டில் உப்பு

அத்தியாயம் 3

'மே 14, சனிக்கிழமை, காலை 10.10. ஒரு சிறு தவறு நடந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நான்காம் எண் தட்டின் கடைசித் துண்டை வாங்கினேன். ஒப்பிடுவதற்கு முன்பே தின்றுவிட்டேன். ஆரஞ்சுத் தோல் வாசம். நன்றாக இருந்தது. தின்றுவிட்ட பொருள் சான்று ஆகுமா என்று வகுப்பில் கேட்க வேண்டும்.'

எழுதி முடித்தவள் 'நன்றாக இருந்தது' என்பதை மட்டும் அடித்தாள். உண்மையை அடிப்பது முறையல்ல என்று தோன்றவே, அதை மறுபடியும் மேலே எழுதினாள்.

ஊரில் அவளுக்குப் பெயர் தராசு. சனிக்கிழமைச் சந்தையில் கடை கடையாகப் போய், எடைக்கல்லை வைத்துத் தராசுகளைச் சோதித்து முத்திரை ஒட்டுவது அவள் உத்தியோகம். புதன், வெள்ளி மாலைகளில் நூலகத்து மாடியில் நடக்கும் துப்பறியும் வகுப்புக்குப் போகிறாள். பன்னிரண்டு வாரப் பாடத்தில் ஐந்து வாரம் முடிந்திருந்தது. கைரேகை ஆறாவது வாரம்தான் வரும். ஆகையால், ஊரில் ஏதாவது குற்றம் நடந்தால் அது கைரேகை தேவைப்படாத குற்றமாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டுதல் பலித்துவிட்டது.

"என்ன நாத்தனாரே, சாட்சியை முழுங்கிட்டியா?"

அண்ணி. தராசின் அண்ணன் மனைவி, சந்தையில் தக்காளிக் கடைக்காரி, இந்த வழக்கில் தன்னைத் தானே உதவியாளராக நியமித்துக்கொண்டவள்.

"கவனக் குறைவு அண்ணி."

"உதட்டைத் தொடச்சுக்கோ. துப்பறியற முகத்துல தூள் ஒட்டியிருக்கு. சீக்கிரம் ஆகட்டும், கடையை உங்கண்ணன்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். இன்னும் ஒரு மணி நேரம் போனா தக்காளியோட சேர்த்து கூடையையும் கொசுறா கொடுத்து அனுப்பிடுவார்."

நடந்தது இதுதான். மருத்துவமனைக்கு ஒரு சக்கர நாற்காலி வாங்குவதற்காக, சந்தையை ஒட்டிய பொதுக் கூடத்தில் மாதர் சங்கம் கேக் விற்பனை வைத்திருந்தது. வருடா வருடம் நடப்பதுதான். நான்கு வருடத்துக்கு முன்னால் மட்டும், யார் கேக் முதலில் தீர்ந்தது என்பதில் ஓரகத்திகள் இருவருக்குள் வாய்த்தகராறு வந்து, அது கரண்டித் தகராறாக முடிந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம். யார் கேக் எது என்று வாங்குபவருக்குத் தெரியக்கூடாது. கூடத்துத் தட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி. அடியில் பிளாஸ்திரி ஒட்டி எண் மட்டும் எழுதி, எண் வரிசையில் அடுக்க வேண்டும். வடிவத்தை வைத்துக்கூட அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று, ஒவ்வொரு கேக்கையும் பின்னறையில் ஓரம் நறுக்கி, இரண்டு அங்குலச் சதுரங்களாக வெட்டி வைப்பார்கள். வெட்டுபவர் ஊர்த் தச்சர். அளவுகோலும் பென்சிலும் இல்லாமல் ரொட்டியைக்கூடத் தொடமாட்டார். சங்கத் தலைவியின் கணவரும் அவர்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தலைவியின் கைப்பையில்.

இன்று காலை ஒன்பது மணிக்குத் தலைவி ரிப்பன் வெட்டினார். ஒன்பது தட்டுகளையும் ஒரு பார்வை பார்த்தார். ஏழாம் எண் தட்டில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். அடுத்த நொடி அதைத் துப்பினார். கையில் ஒலிவாங்கி இருந்ததால், துப்பிய சத்தம் வெங்காயக் கடை வரை கேட்டது.

சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் முழுக்க முழுக்க உப்பு. யாருடையது என்று எல்லோரும் நெருக்கவே, தலைவி பட்டியலைப் பிரித்து ஏழாம் எண்ணை மட்டும் வாசித்தார்.

ஏழாம் எண், மூன்று மாதத்துக்கு முன்னால் ஊருக்கு வந்த பள்ளிச் சமையல்காரம்மாவுடையது. அவர் தற்காலிக ஆள். நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று பள்ளிக் குழு இன்று பன்னிரண்டு மணிக்கு இதே கூடத்தில் முடிவு செய்யப் போகிறது. குழுவுக்கும் தலைவி அவரேதான். வேலை போனால் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையும் போகும். இரண்டு பெண் குழந்தைகளோடு அவர் மறுபடியும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"இருநூறு பிள்ளைங்க சாப்பாட்டுல இப்படிக் கொட்டினா என்ன ஆகும்?" என்று முட்டைக்காரர் கேட்டுவிட்டார். முட்டைக்காரர் கேட்டால் சந்தையே கேட்ட மாதிரி.

சமையல்காரம்மா தக்காளிக் கடைக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அழுதிருந்தால் தராசுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். வகுப்பில் கொடுத்த கேள்விப் பட்டியலை எடுத்து வரிசையாகக் கேட்டாள்.

"கேக்கை எத்தனை மணிக்குச் சுட்டீங்கக்கா?"

"அஞ்சரைக்கு."

"கூட யாராவது இருந்தாங்களா?"

"ரெண்டு பொண்ணுங்களும் தூங்கிக்கிட்டிருந்தாங்க."

"எதுல சுட்டீங்க?"

"பள்ளிக்கூடத்து ட்ரேயிலதான். சதுர ட்ரே. எங்கிட்ட வேற அச்சு ஏதும்மா இருக்கு? சின்னவ எழுந்ததும் ட்ரே ஓரத்துல ஒட்டினதை வழிச்சுக் கொடுத்தேன். இன்னும் வேணும்னு அழுதா. உப்பா இருந்தா அழுவாளா?"

"இனிப்பா இருந்தாத்தான் பிள்ளைங்க அழும். உப்பா இருந்தா பெரியவங்க அழுவாங்க, இன்னிக்குத் தலைவியம்மா அழுத மாதிரி" என்றாள் அண்ணி.

தராசு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பதினோரு கேள்விகள். திரும்பி நடக்கும்போதுதான், கேக்கில் என்னென்ன போட்டார் என்று கேட்கவே இல்லை என்பது உறைத்தது. அந்தக் கேள்வி பட்டியலில் இல்லை.

"அண்ணி, நான் இதுக்கு லாயக்கில்லையோ?"

"லாயக்கு இருக்கறவங்க எல்லாம் பெரிய ஊருக்குப் போயிட்டாங்க. நமக்கு நீதான். இப்ப என்ன பண்ணப் போற?"

"ஏழாம் தட்டுத் துண்டை ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பணும். அது உப்பா, வேற ஏதாவதான்னு..."

"உப்புன்னு தலைவியம்மா நாக்கு சொல்லிடுச்சு. அந்த நாக்குக்கு மேல ஒரு ஆய்வுக் கூடமா? வேற யோசி. தச்சர் வெட்டிப் போட்ட ஓரமெல்லாம் எங்க?"

தராசு நின்றாள். ஓரங்கள்! சதுரமாக்குவதற்காக நறுக்கித் தள்ளியவை. விற்பனைக்கு வந்த துண்டுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். கேக்கின் சொந்த வடிவம் ஓரத்தில்தான் தங்கியிருக்கும்.

பின்னறைக்கு ஓடினார்கள். மேசை துடைக்கப்பட்டிருந்தது. அளவுகோல் ஆணியில் தொங்கியது. மூலையில் பானையிலிருந்து தச்சர் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஓரம் போடற வாளி எங்கய்யா?"

"ஆட்டுக்காரர் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரும்மா. எப்பவும் அவருக்குத்தானே." இன்னொரு குவளை மொண்டார்.

தராசு கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் ஏதோ குறித்தாள்.

"என்ன எழுதற?" என்றாள் அண்ணி, வெளியே வந்ததும்.

"தச்சர், தண்ணீர், 10.25. பார்த்ததை எல்லாம் எழுதணும்னு வாத்தியார் சொல்லியிருக்கார்."

"நல்ல வாத்தியார். அப்படியே உங்கண்ணன் கொட்டாவி விடற நேரத்தையும் எழுது. இன்னொரு நோட்டு வாங்கித் தரேன்."

ஆட்டுக்காரர் கடை சந்தையின் மறுகோடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருந்தது. போகிற வழியெல்லாம் மனிதர்கள். தேன்காரர் ஒரு கரண்டித் தேனை நீட்டி வழி மறித்தார். கீரைக்காரி, "என் தராசுக்கு இன்னும் முத்திரை ஒட்டலையே?" என்று முந்தானையைப் பிடித்தாள். "ஒட்டறேன்க்கா, ஒட்டறேன்" என்று தராசு சொல்லிக்கொண்டே இருக்க, அண்ணி முழங்கையால் பாதை வகுத்துக்கொண்டு முன்னே போனாள். பூசணிக் குவியலைத் தாண்டியதும் வாளி தெரிந்தது. வாளிக்குள் ஒரு ஆட்டின் தலையும் தெரிந்தது.

"ஐயோ, சான்று!" என்றாள் தராசு.

"நல்லதாப் போச்சு. நீ ஆய்வுக் கூடம் கேட்டியே, அதோ தாடியோட நிக்குது."

ஆட்டுக்காரர் பால் ஊற்றிக்கொண்டே சிரித்தார். "இன்னிக்கு என்னமோ தெரியல தாயி, இவன் கூத்தடிக்கிறான். எப்பவும் வாளியை வெச்சா கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் தின்னுடுவான். இன்னிக்குப் பாரு, தேடித் தேடிப் பொறுக்குறான்."

உண்மைதான். ஆடு மஞ்சள் மஞ்சளாக இருந்த ஓரங்களை மூக்கால் ஒதுக்கித் தள்ளியது. அடியில் எதையோ கவ்வி, கண் செருக நக்கியது.

"அண்ணே, ஆட்டுக்கு உப்புன்னா பிடிக்குமா?" என்றாள் தராசு.

"பிடிக்குமாவா? உப்புக்கட்டிய கட்டித் தொங்கவிட்டா, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அங்கேயே கிடப்பான்."

அண்ணி அதற்குள் ஆட்டின் கொம்பைப் பிடித்துவிட்டாள். தராசு வாளிக்குள் கையை விட்டாள். ஆடு அதைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டு அவள் நோட்டின் ஓரத்தைக் கடித்தது. அந்த இழுபறியில், ஆடு தேடிப் பொறுக்கிய துண்டுகளில் நான்கு மிஞ்சின. ஒன்றில் நுனியைக் கிள்ளி வாயில் போட்டாள். முகம் கோணியது.

"உப்பு!"

"தெரியுது, உன் மூஞ்சியே தலைவியம்மா மூஞ்சி மாதிரி ஆயிடுச்சு. அடுத்தது?"

தராசு துண்டுகளைப் பூசணிக்காய் மேல் வரிசையாக அடுக்கினாள். நான்கும் வளைந்திருந்தன. சதுர ட்ரேயில் சுட்ட கேக்கின் ஓரம் வளையாது. வட்டத்தைச் சதுரமாக நறுக்கினால்தான் இப்படிப் பிறை பிறையாக ஓரம் விழும்.

"அண்ணி, உப்புக் கேக்கு வட்டமான கேக்கு! சமையல்காரக்கா சுட்டது சதுரம். அப்போ ஏழாம் தட்டுல இருந்தது அவங்க கேக்கே இல்ல. யாரோ மாத்தியிருக்காங்க."

சொல்லிவிட்டு, ஏதாவது தப்புக் கணக்கோ என்று பயந்து, துண்டுகளை மறுபடி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். வளைவுதான். அதிலும் வெறும் வளைவு இல்லை. வெளிப்பக்கம் மடிப்பு மடிப்பாக இருந்தது.

அண்ணி ஒன்றை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"நாத்தனாரே, பாவாடைக் கொசுவம் மாதிரி மடிப்பு வர்ற அச்சு இந்த ஊர்லயே ஒருத்தர்கிட்டதான் இருக்கு. என் கல்யாணத்துக்கு ஒரு நாள் இரவல் கேட்டேன். 'பெத்த பொண்ணுக்கே கொடுத்ததில்ல'ன்னு வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிட்டாங்க."

"யாரு?"

"தலைவியம்மா."

தலைவியின் அண்ணன் மகள் அந்தச் சமையல் வேலைக்கு மனுப் போட்டிருந்தது ஊரறிந்த விஷயம். பட்டியல் தலைவியிடம். அச்சு தலைவியுடையது. ஒன்பது தட்டில் ஏழாம் தட்டையே பார்த்து எடுத்ததும் தலைவிதான். எல்லாம் இவ்வளவு அழகாகப் பொருந்தினால் எங்கோ தப்பு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எங்கே என்றுதான் சொல்லவில்லை.

"போய்ச் சமையல்காரக்காவைக் கூட்டிக்கிட்டு வாங்க அண்ணி. நான் பின்னறைக்குப் போறேன்."

"தனியாவா? உப்பை வெச்சுக்கிட்டுப் புலி குகைக்குப் போறியே, மிளகாய்த் தூளும் எடுத்துக்கோ. புலிக்குச் சமைக்க வசதியா இருக்கும்."

பதினொன்று நாற்பதுக்குப் பின்னறையில் தலைவி பட்டுப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். தச்சர் பானையோரம் நின்றிருந்தார். தராசு கைக்குட்டையை மேசை மேல் விரித்து, நான்கு துண்டுகளையும் வைத்தாள். அண்ணியும் சமையல்காரம்மாவும் வாசலில் வந்து நின்றார்கள்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஒருவேளை நான் சொல்றது தப்பாகூட இருக்கலாம்..."

"முதல்ல சொல்லும்மா. தப்பா இல்லையான்னு நான் பார்த்துக்கறேன்."

"இது உப்புக் கேக்கோட ஓரம். இந்த மடிப்பு உங்க அச்சு."

தலைவி குனிந்து பார்த்தார். ஒரு துண்டை எடுத்துக் கட்டை விரலால் மடிப்பைத் தடவினார். தராசு இடி விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. தலைவியின் முகத்தில் இருந்தது கோபமே இல்லை. திருவிழாக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவர் முகம்.

"என் அச்சுதான். ஆனா அது எப்படி? என் கேக்கு நாலாம் நம்பர். முதல்ல தீர்ந்ததே அதுதான்! வாய் சும்மா இருக்காம நம்பரை ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டேன், ஊரெல்லாம் பரவிடுச்சு. காலையிலேர்ந்து எத்தனை பேர் என் கையைப் பிடிச்சுப் பாராட்டினாங்க தெரியுமா? 'இந்த வருஷம் ஆரஞ்சு வாசம் அபாரம்'னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார்.

"நீங்க ஆரஞ்சு போட்டீங்களாம்மா?" என்றாள் தராசு மெதுவாக.

"இல்ல. நான் எதுக்கு ஆரஞ்சு போடறேன்?"

"நான் போட்டேன்" என்றார் சமையல்காரம்மா வாசலிலிருந்து. "தோலைத் துருவிப் போட்டேன். யாரும் கேக்கலையே."

தராசின் காது சூடானது. அவள் தின்று தீர்த்த சான்று, வயிற்றுக்குள் இருந்தபடியே சாட்சி சொன்னது.

ஆக, தலைவி துப்பியது தன் சொந்தக் கேக்கை! வேண்டுமென்று உப்பைக் கொட்டியவர், மாற்றி வைத்த தட்டையே எடுத்து ஊர் முன்னால் வாய் நிறையக் கடிப்பாரா? கடிக்கமாட்டார். அப்படியானால் தலைவிக்கு எதுவுமே தெரியாது. தட்டு மாறியது இந்த அறையில், இந்த மேசையில். மேசையில் கை வைத்தவர் ஒருவர்தான்.

தராசு நோட்டைப் பின்னால் புரட்டினாள். காலையிலிருந்து கண்ணில் பட்டபோதெல்லாம் குறித்தவை, ஆடு கடித்த ஓரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. தச்சர், தண்ணீர், 9.20. தச்சர், தண்ணீர், 9.35. 9.45. 10.05. 10.25.

"ஐயா, இன்னிக்கு நீங்க கேக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"நானா? தொடவே இல்லியே." குவளை பானைக்குள் நழுவி விழுந்தது.

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் அண்ணி. "தச்சரய்யா, நீங்க குடிச்ச தண்ணியில தொட்டியே கட்டலாம்."

தலைவி திரும்பினார். "ஏங்க."

ஒரே ஒரு 'ஏங்க'தான். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அதற்கு எத்தனை அர்த்தம் உண்டென்று தச்சருக்குத் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாண நாளுக்கு ரெண்டு மரப்பெட்டி செஞ்சு கொடுத்தேன்ல. ஒரு மூடியில சர்க்கரைன்னு, ஒரு மூடியில உப்புன்னு செதுக்கி... நேத்து சாயங்காலம் மூடிக்கு எண்ணெய் பூசிக் காய வெச்சேன். திரும்ப மூடும்போது மாத்தி மூடிட்டேன் போல. நீ மூடியைப் பார்த்து அள்ளிப் போட்டுட்ட."

"அப்புறம்?"

"ஓரம் வெட்டினா ஒரு விள்ளல் வாயில போடறது என் பழக்கம். போட்டேன். உயிரே போயிடுச்சு. ஓரத்தை எல்லாம் தின்னே தீர்த்துடலாம்னு பார்த்தேன், முடியல, வாளியில போட்டேன். உன் தட்டைக் காலியாவும் வைக்க முடியாது. அதான் மாத்திட்டேன். கதவைத் திறந்ததும் ஏழாம் தட்டு முழுசையும் நானே வாங்கிடலாம்னு இருந்தேன். நீ போய் நேரா அதையே எடுத்துட்ட."

"அவங்க வேலைக்கு இன்னிக்கு முடிவு சொல்லணுமே, ஊர் வாயைக் கேக்கறதுக்கு என் நாக்கையே கேப்போம்னு எடுத்தேன்." தலைவியின் குரல் இறங்கியிருந்தது. "முப்பது வருஷமா செய்யற கேக்கு, ருசி பார்க்கிறது புதுசா கத்துக்கறவங்க வேலைன்னு விட்டுட்டேன்."

தராசுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதுவும் பட்டியலில் இல்லை. "ஒன்பது தட்டு இருந்துச்சேய்யா. ஏன் ஏழு?"

தச்சர் யாரையும் பார்க்கவில்லை. "மத்தவங்களுக்கு எல்லாம் புருஷன், மச்சான், மாமன்னு பின்னாடி ஆளு இருக்கு. ஏதாவது ஆனா சண்டைக்கு வருவாங்க. இவங்களுக்குன்னு சண்டை போட..."

"ஆளு இல்லதான்யா" என்றார் சமையல்காரம்மா. "கேக்கு இருந்துச்சு. அதையும் எடுத்துட்டீங்க."

அண்ணி உள்ளே வந்து ஒரு நாற்காலியை இழுத்துச் சமையல்காரம்மா பக்கம் தள்ளினாள்.

கூடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. குழு வந்துவிட்டது. தலைவி எழுந்தார். அறையை விட்டு வெளியே போய், மூலையில் ஒதுக்கி வைத்திருந்த ஏழாம் தட்டை எடுத்துக்கொண்டு நேராக ஒலிவாங்கி முன்னால் நின்றார். முட்டைக்காரர், கீரைக்காரி, தேன்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவி ஒரு முழுத் துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். கண்ணில் தண்ணீர் கட்டியது. விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"இது என் கேக்கு. காலையில நான் துப்பினதும் என் கேக்குதான். என் வீட்ல நடந்த தப்பு, என் வீட்டுக்காரர் கையால தட்டு மாறினது. நாலாம் தட்டுன்னு நீங்க எல்லாரும் எனக்குக் கொடுத்த பாராட்டு, அதோ நிக்கறாங்களே, அவங்களோடது. நான் வாங்கி வெச்சிருந்தேன், கொடுத்துடறேன். குழுவுல நான் இன்னிக்கு ஓட்டுப் போடமாட்டேன். அந்தத் தகுதி எனக்கு இல்ல. நீங்க முடிவு பண்ணுங்க."

ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் குழு முடிவு செய்துவிட்டது: சமையல்காரம்மா இனி நிரந்தரம். குழுவில் ஐந்து பேர். அவர்களில் நான்கு பேர் நாலாம் தட்டில் இரண்டாவது துண்டுக்கு வரிசையில் நின்றவர்கள்.

மீதமிருந்த ஏழாம் தட்டை ஆட்டுக்காரர் முழுசாக வாங்கிக்கொண்டார். உப்புக்கட்டி வாங்கும் செலவு மிச்சம் என்றார். அண்ணி கடைக்கு ஓடினாள். கடையில் தக்காளி முக்கால்வாசி தீர்ந்திருந்தது, அண்ணன் மட்டும் அப்படியே இருந்தார்.

தராசு கூடத்துப் படியில் உட்கார்ந்து கடித்த நோட்டைப் பிரித்தபோது, சமையல்காரம்மா பக்கத்தில் வந்து நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று தராசு கூச்சத்தோடு எழுந்தாள்.

"நீ தராசு சோதிக்கிற பொண்ணுதானே? பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுல ஒரு தராசு இருக்கு. கிலோவுக்கு ஐம்பது கிராம் கூடுதலா காட்டுது. பிள்ளைங்களுக்குப் போக வேண்டியது குறையுது. மூணு மாசமா வயித்தெரிச்சல்."

"ஏன்க்கா இத்தனை நாளா சொல்லல?"

"தற்காலிக ஆளு தராசைக் குறை சொன்னா, தராசை மாத்துவாங்களா, ஆளை மாத்துவாங்களா? இப்ப சொல்றேன். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள்.

'மே 14, பிற்பகல் 12.50. கீரைக் கடை, தேன் கடை உட்பட ஆறு கடைகளுக்கு இன்று முத்திரை ஒட்டவில்லை. என் தவறு. அந்த வேலையை இன்று மூன்று மணிக்குள் முடிக்க வேண்டும். நாளை ஞாயிறு, காலை எட்டு மணி: பள்ளிச் சமையலறைத் தராசு. ஐந்து கிலோ எடைக்கல் இரண்டு எடுத்துப் போக வேண்டும். சாவி சமையல்காரம்மாவிடம்.'